பிளக்கைப் பிடுங்கச் சொல்லியிருக்கலாம்

அப்பா போன் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்காவும் அவர் கொழுந்தனும் வீட்டு வாசலில் நிற்பதாகச் சொன்னார். பத்து நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டே முக்கால் வாக்கில், அந்த அக்காவின் வீட்டுக்காரர் சைக்கிளில் வரும்போது ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "குட்டியானை மாதிரி வண்டின்னு சொல்லுதாவ. நம்பரை யாரும் பாக்கல. நம்ம கேமரா தெருவைப் பாத்துத்தான இருக்கு, அதுல விழுந்திருக்குமான்னு கேக்காவ. எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியல" என்றார் அப்பா. நான் சென்னையில் ஆபீஸ் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். "நாளைக்கு ராத்திரி வண்டி ஏறுதேன்ப்பா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக் குடுத்துரலாம். ஒரு மாசத்துக்கு அதுல இருக்கும், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். அப்பா அதை அப்படியே வாசலில் நின்றவர்களிடம் சொல்வது போனில் கேட்டது. "ஒரு மாசத்துக்கு இருக்குமாம்."

அந்த ஒரு மாசம் என்னுடைய கணக்கு அல்ல. நான்கு வருஷத்துக்கு முன்னால் கேமரா மாட்டிய தம்பி சொன்னது. வாசலில் ஒன்று, தெருவைப் பார்த்து ஒன்று, கொல்லையில் ஒன்று, மொட்டைமாடிப் படிக்கட்டில் ஒன்று. நான்கு 2 மெகாபிக்சல் அனலாக் கேமரா, பதிவு செய்யும் பெட்டியான ஒரு டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 3+1 கேபிள், கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு எஸ்எம்பிஎஸ். "பேக்கப் எவ்வளவு நாள் தம்பி வரும்?" என்று அம்மா கேட்டதற்கு, ஏணியில் நின்றபடியே "ஒரு மாசம் தாராளமா வரும்மா" என்றான். அன்றைக்கு அதைச் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை. கேமரா கோணம் சரியா, அடுத்த வீட்டு அடுக்களை ஜன்னல் அதில் விழுகிறதா, இரவில் முகம் தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். டிவி அலமாரிக்குக் கீழே போன கறுப்புப் பெட்டியை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. நான் கேட்டுப் பார்த்தவரை எல்லோரும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு, பதினோரு மணிக்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். பூக்கார அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு, "இருக்கட்டும் தம்பி, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டார். மவுஸ் அசைய மறுத்தது, கழற்றி மாட்டினேன். பிளேபேக் திறந்ததும் வலது பக்கம் ஒரு நாட்காட்டி வரும். பதிவு இருக்கும் தேதிகளின் மூலையில் சின்னதாக ஒரு நீல முக்கோணம் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமையில் நீலம் இல்லை. அடுத்த நாள் புதனில் இருந்தது. புதனைச் சொடுக்கினேன். கீழே இருபத்துநான்கு மணி நேரப் பட்டையில் நீலக்கோடு அதிகாலை 2.17-க்குத் தொடங்கியது. அதற்கு முன்னால் வெறும் கறுப்பு. 2.17-க்கு எங்கள் தெரு ஆளரவமில்லாமல் கிடந்தது. ஒரு நாய் ரோட்டின் நடுவில் படுத்திருந்தது.

நான் கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். ஞாயிறு பதினோரு மணிக்கு மிகப் பழைய பதிவு புதன் அதிகாலை 2.17 என்றால், பெட்டியில் தங்குவது பதினோரு நாளும் எட்டே முக்கால் மணி நேரமும். செவ்வாய் இரவு 8.45-க்கு நடந்தது அப்படியானால் ஞாயிறு காலை ஐந்தரை மணி வரை டிஸ்க்கில் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் எஸ்-6 பெட்டியில், கோவில்பட்டிப் பக்கம் எங்கோ, கீழ்ப் படுக்கையில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவர்கள் வாசலில் நின்றபோது அது இருந்தது. சனிக்கிழமை முழுக்க இருந்தது. நான் ஊருக்குள் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் யாரும் தொடாமல், எந்தச் சத்தமும் இல்லாமல், அதன்மேல் புதிய ஞாயிற்றுக்கிழமை எழுதப்பட்டுவிட்டது.

இதில் என்னை இன்றுவரை அரிப்பது வேறொன்று. வெள்ளிக்கிழமை போனில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்தான்: "அப்பா, டிவிக்குக் கீழ இருக்கிற பெட்டியோட பிளக்கைப் பிடுங்கி வையுங்க." அவ்வளவுதான். பதிவு நின்றிருக்கும், பழையது அப்படியே கிடந்திருக்கும். அப்பாவுக்கு எக்ஸ்போர்ட் தெரியாது, பென் டிரைவ் தெரியாது, ஆனால் பிளக் பிடுங்கத் தெரியும். நான் பதினேழு வருஷமாகக் கம்ப்யூட்டரோடு பிழைப்பு நடத்துபவன், எனக்கு அது தோன்றவில்லை.

திண்ணைக்குப் போய்ச் சொன்னேன். அக்கா உடனே எழுந்துவிட்டார். "பரவால்ல தம்பி, நீங்க என்ன செய்வீய" என்றார். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வண்டி எது என்று தெரிந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். வேலைக்குப் போக முடியாத மாதங்கள், ஆபரேஷன் செலவு எல்லாவற்றையும் வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கலாம். வண்டி தெரியாவிட்டால் இழப்பீடு என்று இருப்பது இடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் மட்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அதில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம். என் பெட்டியில் இருந்த சில நொடிகளுக்கும் இல்லாமல் போன சில நொடிகளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அதுதான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பதிவு இருந்திருந்தாலும் அந்த 2 மெகாபிக்சல் கேமராவில், ராத்திரி வெளிச்சத்தில், ஓடும் வண்டியின் நம்பர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அகச்சிவப்பு விளக்கு நம்பர் பிளேட்டில் பட்டு வெள்ளையாகப் பூத்துப்போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இதை நினைத்து ஆறுதல் அடையப் பார்த்தேன். வண்டியின் உருவமாவது தெரிந்திருக்கும், பின்னால் எழுதியிருக்கும் சாமி பெயராவது தெரிந்திருக்கும் என்று உடனே தோன்றி ஆறுதல் போய்விட்டது.

ஓ.மு.வா, மூ.மு.வா?

அன்று மத்தியானம் அப்பாவுக்கு நடந்ததை விளக்கினேன். டிஸ்க் நிரம்பினால் பழையதை அழித்துப் புதியது எழுதும், இதற்கு ஓவர்ரைட் என்று பெயர், எல்லாப் பெட்டியும் இப்படித்தான் என்றேன். அப்பா தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இது ஓ.மு.வா, மூ.மு.வா?" என்று கேட்டார்.

அரசு அலுவலகத்தோடு பழகாதவர்களுக்கு இது புரியாது. ஒரு கோப்பு முடிந்ததும், அது எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதிவிடுவார்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகை உண்டு. லீவு விண்ணப்பத்துக்கு ஒரு ஆயுள், நிலம் சம்பந்தப்பட்ட ஆவணத்துக்கு இன்னொரு ஆயுள். கெடு வந்ததும் பட்டியல் போட்டு, மேலதிகாரி கையெழுத்து வாங்கித்தான் அழிக்க முடியும். அப்பாவின் கேள்வி சாதாரணமானது: நம் வீட்டுப் பெட்டியில் யார் அந்த வகையை எழுதினார்கள்? பதினோரு நாள் என்று யார் கையெழுத்துப் போட்டார்கள்?

யாரும் போடவில்லை. கேமரா மாட்டிய தம்பியிடம் அன்றைக்கு 1 டிபி டிஸ்க் கையிருப்பில் இருந்தது, அது முடிவு செய்தது. கணக்கு ஒன்றும் கடினமில்லை, தெருவில் நின்றபடியே போடலாம். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. இந்த ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், கடைக்காரர் யாரும் ஏமாற்ற முடியாது. எங்கள் பழைய கேமராக்கள் ஒவ்வொன்றும் 2 மெகாபிட். நான்கும் சேர்த்து 8. எட்டைப் பத்தே முக்காலே சொச்சத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 86 ஜிபி. 1000 ஜிபி டிஸ்க்குக்கு பதினொன்றரை நாள், பெட்டி தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளும் கொஞ்சம் போக நான் பார்த்த பதினொன்றே கால் சொச்சம். அந்தத் தம்பி பொய் சொன்னான் என்றும் நினைக்கவில்லை. ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் ஒரு மாதம் வந்திருக்கலாம். ஆனால் பெட்டியை முழுநேரப் பதிவில் விட்டுப் போயிருக்கிறான். அது ஒருவகையில் நல்லதும்கூட. தெருக் கேமரா முன்னால் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அசைவைப் பார்த்துப் பதிவு செய் என்று சொன்னால் காற்றடிக்கும் நாளெல்லாம் வேப்பமரத்தைத்தான் பதிவு செய்துகொண்டிருக்கும். வேகமாகக் கடந்துபோகும் வண்டியின் முதல் இரண்டு நொடியைத் தவறவிடவும் வாய்ப்பு உண்டு.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்கும் முதல் கேள்வி

சென்னை திரும்பியதும் அடுத்த சனிக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், பழைய டிவிஆரில் 4 டிபி டிஸ்க் ஒன்றை மாட்டியிருந்தால் நாற்பத்தைந்து நாள் வந்திருக்கும், விஷயம் முடிந்திருக்கும். அப்படிச் செய்யாததற்கு நான் சொல்லிக்கொண்ட காரணங்கள்: மொட்டைமாடிக் கேமராவின் பிஎன்சி இணைப்பு துருப்பிடித்துப் படம் கோடு கோடாக வந்தது, இரவுப் படம் மோசம், எஸ்எம்பிஎஸ் ஒருமுறை கருகியிருக்கிறது. இவையெல்லாம் நிஜம்தான். ஆனால் ஒரு டிஸ்க்கோடு முடித்துக்கொள்ள மனசு வரவில்லை என்பதும் நிஜம். குற்ற உணர்ச்சியில் இருப்பவன் கையில் கார்டு இருந்தால் கடைக்காரருக்கு நல்ல நாள்.

ஆறு கடை ஏறி இறங்கினேன். ஆறிலும் முதல் கேள்வி ஒன்றே: "எத்தனை கேமரா சார்?" 4 சேனல், 8 சேனல், 16 சேனல் என்று கேமரா எண்ணிக்கையை வைத்துத்தான் என்விஆர் என்ற புதுவகைப் பெட்டியை எடுத்துப் போடுகிறார்கள். எத்தனை நாள் வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானே கேட்டபோது ஐந்து பேர் "ஒரு மாசம் வரும் சார்" என்றார்கள். அதே ஒரு மாசம். ஆறாவது கடையில் வயதானவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது நீங்க எந்த கேமரா போடுறீங்க, எவ்வளவு பிட்ரேட் வைக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது தம்பி. உங்களுக்கு எத்தனை நாள் வேணும், அதைச் சொல்லுங்க" என்றார். பிட்ரேட் என்பது நான் மேலே சொன்ன, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்குதான். அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டிவிஆருக்கும் என்விஆருக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. டிவிஆரில் கேமரா வெறும் கண், மூளை பெட்டியில் இருக்கிறது. என்விஆரில் கேமராவே படத்தைச் சுருக்கி நெட்வொர்க் கேபிள் வழியாக அனுப்பிவிடுகிறது, பெட்டி வாங்கி அடுக்கி வைக்கிற குமாஸ்தா. குமாஸ்தாவிடம் பார்க்க வேண்டியது மூன்று: ஒரே நேரத்தில் எவ்வளவு வாங்க முடியும், எவ்வளவு அடுக்க இடம் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுக்கத் தெரியுமா. முதலாவது பெட்டியின் அட்டையில் சின்ன எழுத்தில் உள்வரும் வேகம் என்று இருக்கும்: 40, 80, 160 மெகாபிட் என்று. 8 சேனல் என்று பெரிதாகப் போட்டுவிட்டு 40 மெகாபிட்தான் வாங்கும் என்றால் ஒவ்வொரு கேமராவுக்கும் 5 மெகாபிட்தான் தேறும், எட்டு 4கே கேமராவை அதில் மாட்டினால் மூச்சு வாங்கும். இரண்டாவது, டிஸ்க்குக்கு எத்தனை இடம், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் எத்தனை டிபி என்பது. மூன்றாவதை அட்டையில் போடமாட்டார்கள். அதனால் கடையிலேயே டெமோ பெட்டியில் நேற்றைய தேதியில் ஐந்து நிமிஷத்தை எடுத்துப் பென் டிரைவில் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒரு பிராண்டில் அதற்குப் பதினொரு சொடுக்கு. இன்னொன்றில் ஐந்து. ஐந்து சொடுக்குப் பெட்டியைத்தான் வாங்கினேன். மற்ற எல்லா அம்சத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, விலை அறுநூறு ரூபாய் அதிகம். அப்பாவுக்கு ஆறு சொடுக்கு மிச்சம்.

எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டும் என்று சில கடைகளில் அடித்துச் சொன்னார்கள். "ஆன்விஃப் இருக்கு சார்." 2008-ல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொது மொழி அது. ஒரு கம்பெனிக் கேமராவை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் மாட்டினால் படம் வரும், உண்மைதான். ஆனால் மனிதன் வந்தான், வண்டி வந்தது என்று கேமரா கண்டுபிடித்துச் சொல்லும் தகவல் அடுத்த கம்பெனிப் பெட்டிக்குப் போய்ச் சேருமா என்றால் பல நேரம் சேராது. இரண்டு மணி நேரத்தை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டித் தேடுவதா, வண்டிகளை மட்டும் காட்டு என்று ஒரே சொடுக்கில் தேடுவதா என்பது அதில்தான் இருக்கிறது. அதனால் பெட்டியும் கேமராவும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவே எடுத்தேன்.

பெரியவர் கேபிள் விஷயத்தில் செய்ததை எழுதியே ஆக வேண்டும். இரண்டு சுருள் கேட் சிக்ஸ் கேபிளை மேசையில் போட்டார். பார்க்க இரண்டும் ஒன்றுதான், விலை கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. இரண்டிலும் உள்ளே இருக்கும் ஒரு கம்பியை உருவி, பழைய ஷேவிங் பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். ஒன்று சுரண்டச் சுரண்டச் செம்பு நிறமாகவே இருந்தது. மற்றொன்றில் செம்புத் தோல் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் பல்லைக் காட்டியது. "இதுல டேட்டா போகும். கரண்டும் சேத்து அனுப்பினீங்கன்னா சூடாகும், தூரத்துல இருக்கிற கேமரா ராத்திரி விளக்கு எரியும்போது அணைஞ்சு அணைஞ்சு வரும்" என்றார். பிஓஇ என்பது அதுதான், ஒரே கேபிளில் படமும் மின்சாரமும். சாதாரண வகையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், கேபிள் 100 மீட்டர் வரை. எங்கள் வீட்டில் அதிகபட்சம் முப்பது மீட்டர். எஸ்எம்பிஎஸ் வேண்டாம், கேமராவுக்குக் கேமரா அடாப்டர் வேண்டாம், பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கொடுத்தால் கரண்ட் போனாலும் நான்கு கேமராவும் விழித்திருக்கும். பாளையில் கரண்ட் போகும் நேரம்தான் எதுவும் நடக்கும் நேரம்.

டிஸ்க் எடுக்கும்போது கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் காட்டி விலை குறைவு என்றார் கடைப் பையன். பெரியவர் அவனை முறைத்தார். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் மாதிரிக் கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்குகள் இருபத்துநான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு அந்தப் பிழைப்பு பழக்கமில்லை.

நாட்களின் கணக்கை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் போட்டேன். அப்பாவின் கேள்வி மண்டையில் இருந்ததால் நான்கு கேமராவுக்கும் ஒரே அளவு கொடுக்கவில்லை. எச்.265 சுருக்கத்தில் தெருக் கேமராவுக்கு 6 மெகாபிட், வாசலுக்கு 4, கொல்லைக்கும் மாடிப்படிக்கும் தலா 2. மொத்தம் 14. ஒரு நாளைக்கு 151 ஜிபி. முப்பது நாளுக்கு நான்கரை டிபி. 6 டிபி டிஸ்க் வாங்கினேன், பெட்டியில் மாட்டியதும் 5.45 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம், ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருபத்துநாலுக்கும் உள்ள பழைய சண்டை அது.

அதே மெனு

மாட்டும் நாளில் நானே ஏணி பிடித்தேன். எல்லாம் முடிந்து பெட்டியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சேமிப்புப் பகுதியில் ஒரு கட்டம் இருந்தது. பதிவுகள் எத்தனை நாளில் காலாவதியாக வேண்டும் என்று எண் போடும் கட்டம். சுழியம் போட்டால் டிஸ்க் நிரம்பும் வரை இருக்கும். 1 என்று போட்டால் டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு நாளுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சாத்தாங்குளத்துல செஞ்சது இதானா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, காவலில் இறந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் அங்கே போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். சிசிடிவியின் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்பது அந்த அறிக்கையில் இருந்தது. அப்போது பேப்பரில் படித்தபோது ஏதோ பெரிய தொழில்நுட்பச் சதி என்று நினைத்தேன். இப்போது என் கையில் மவுஸ் இருந்தது, சுட்டி அந்த மாதிரி ஒரு கட்டத்தின் மேல் நின்றது. ஒரு எண், ஒரு சொடுக்கு. எங்கள் பழைய பெட்டியிலும் 1 டிபிதான் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் முடிவு செய்யாததால் அழிந்தது, அங்கே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கேட்டு வந்து வாசலில் நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அப்பா சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் திண்ணையிலிருந்து எழுந்துபோன அக்காவின் முதுகை நினைத்தால் எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை.

அதே 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அவ்வளவு கொள்ளும் கருவி சந்தையில் இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. 18 மாதம் என்றால் என்ன என்று என் பத்தே முக்கால் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 4 மெகாபிட் கேமரா ஒன்றுக்கே 23 டிபிக்கு மேல். வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பறை என்று கேமரா பத்துக்கு மேல் போனால் வீட்டுக்கு வாங்கும் பெட்டியெல்லாம் பொம்மை. அந்தத் தீர்ப்பைக் கேமரா பற்றியது என்றே எல்லோரும் பேசினார்கள். செலவு முழுக்க டிஸ்க்கில் இருக்கிறது.

எங்கள் கட்டத்தில் என்ன எண் போடுவது என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் சின்னச் சண்டை. நான் சுழியம் என்றேன், இடம் இருக்கும்வரை இருக்கட்டுமே. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எவன் வீட்டுக்கு எவன் எத்தனை மணிக்கு வந்தான்னு ரெண்டு மாசத்துக்கு நான் வச்சுக்கிட்டு என்ன செய்ய? நான் என்ன சித்திரகுப்தனா?" நியாயம்தான். தெருக் கேமராவில் விழுவது எங்கள் வாழ்க்கை மட்டும் இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு டியூஷன் முடிந்து வருகிறாள், யார் அவளைக் கொண்டுவந்து விடுகிறான் என்பதும் விழுகிறது. போன வருஷம் அதே எதிர்வீட்டுக்காரர் வந்து மெதுவாக அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார், அப்பா கேமரா ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முப்பது என்று போட்டோம். 6 டிபியில் மிச்சம் கிடக்கும் ஒன்பது நாள் சும்மா கிடக்கட்டும் என்றார். தாலுகா ஆபீஸில் ரெக்கார்டு ரூமில் எப்போதும் ஒரு அலமாரி காலியாக இருக்க வேண்டுமாம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 2016 அக்டோபரில் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க வீடுகளில் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அவற்றை வைத்து அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களைப் பல மணி நேரம் முடக்கியது. உள்ளே நுழைய அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் விற்க முடியும் என்று விதி வந்திருக்கிறது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சரக்கைத் தள்ளிவிடும் அவசரமும் அதனால் தெரிந்தது. புதிய பெட்டிக்குப் பதினான்கு எழுத்துப் பாஸ்வேர்டு வைத்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போது பார்த்தால் தினசரிக் காலண்டர் அட்டையில், ராகுகாலத்துக்குக் கீழே, அப்பாவின் அழகான கையெழுத்தில் அது இருந்தது.

கடிகாரத்தையும் அன்றுதான் கவனித்தேன். பழைய பெட்டி ஏழு நிமிஷம் முந்தி ஓடியிருக்கிறது, நான்கு வருஷம் யாருக்கும் தெரியாது. அப்படியானால் நான் போட்ட அந்த ஐந்தரை மணிக் கணக்குகூட ஏழு நிமிஷம் தவறு. புதியது இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. நேரம் தவறினால் அது வெறும் வீட்டு விஷயம் இல்லை. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு பதிவைக் கோர்ட்டில் கொடுத்தால் அதோடு சான்றிதழும் கொடுக்க வேண்டும், அந்தக் கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணோடு. முன்பு 65பி என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்ததன் புதிய வடிவம். பென் டிரைவைக் கையில் திணித்துவிட்டு வந்தால் வேலை முடியாது.

மூன்று மாதம் கழித்துப் பொங்கலுக்குப் போனபோது, பெட்டியின் மேல் ஒரு நீளமான பேரேடு இருந்தது. ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்ட பத்திகள்: வரிசை எண், கேட்டவர், கேட்ட நாள், வேண்டிய பதிவின் நாள், கொடுத்தது. அப்பா தானாக ஆரம்பித்திருக்கிறார். ஐந்து சொடுக்கையும் அட்டைக்குள் எழுதி ஒட்டியிருந்தார். வரிசை எண் 2, பின்தெருவில் காணாமல் போன வெள்ளாடு, இருபத்தாறு நாள் பழைய பதிவு, "மாலை 3.12-க்குக் கிழக்கே தனியாகச் செல்கிறது, பார்வையிடப்பட்டது". வரிசை எண் 3, கேஸ் சிலிண்டர் போட்டது எங்கள் வீட்டிலா பக்கத்து வீட்டிலா என்ற தகராறு.

முதல் வரியைப் பார்த்தேன். புதுப் பெட்டி வருவதற்கு முந்திய தேதி. பூ வியாபாரம், விபத்து, செவ்வாய் இரவு 8.45. கடைசிப் பத்தியில் "இருப்பில் இல்லை".

"இது பழைய பெட்டியில கேட்டதுல்லாப்பா, இதை எதுக்கு இதுல ஏத்தினீங்க?" என்றேன்.

"கேட்டாவல்லா" என்றார் அப்பா, பேரேட்டை வாங்கி மூடிக்கொண்டு.